இடவப்பாதிக்கு முன்னால் வீட்டைப் பார்ப்பது: குமரி மாவட்டத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அருமனைப் பக்கத்து வீடுகளில் மறுபடி மறுபடி கேட்கப்படும் சந்தேகங்களைத் திரட்டியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எல்லையின் இரு பக்கமும் மண்ணும் மழையும் ஒன்றுதான் என்பதால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கும் இவை பொருந்தும்.

வீட்ட எப்போ பாக்கணும்? வருசத்துக்கு ஒரு தடவ போதாதா?

நமக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை துலாமழை. அதனால் மே மாத நடுவில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை என இரண்டு தடவை பார்க்க வேண்டும். மே மாதம் கூரை, மின்சாரம், ஓடை, கய்யாலை (சரிவில் மண்ணைத் தாங்கும் சுவர்) எல்லாவற்றையும் முழுதாகப் பாருங்கள். செப்டம்பரில், முதல் மழை எங்கே நனைத்தது என்று சுவர்களே காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

வெயிலில் பார்த்த வீட்டை ஒரு நல்ல மழை பெய்து அரை மணி நேரம் கழிந்ததும் இன்னொரு தடவை சுற்றி வாருங்கள். அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா என்பதை அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும்.

நானே பாக்கதுக்கு என்னெல்லாம் வேணும்? எதுக்கு ஆள கூப்பிடணும்?

நல்ல டார்ச், நீளமான ஸ்க்ரூ டிரைவர், சிறிய சுத்தியல், அளவு டேப், பென்சில், ஒரு நோட்டு. பார்ப்பது, தட்டுவது, குத்துவது, அளப்பது, குறிப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். மின்பெட்டியைத் திறந்து கை வைப்பது, கூரை மேல் ஏறுவது, கிணற்றில் இறங்குவது ஆகிய மூன்றுக்கும் தொழில் தெரிந்தவர் வேண்டும்.

டெஸ்டர்ல லைட் எரியல்லன்னா கரண்ட் இல்லன்னு நம்பலாமா?

நம்பக் கூடாது. கனத்த ரப்பர் செருப்புப் போட்டு உலர்ந்த மர ஸ்டூலில் நிற்பவர் கையில் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. டெஸ்டரே பழுதாகியும் இருக்கலாம். கரண்ட் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் குத்திப் பாருங்கள், பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில், கடைசியாக மறுபடியும் முதல் பிளக்கில்.

பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் அறுந்திருக்கிறது. ‘அறையில் லைட் எரியவில்லை, அப்படியென்றால் கரண்ட் இல்லை’ என்று கை வைப்பவர்கள் அடி வாங்குவது இந்த நிலையில்தான்.

எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒண்ணுதானே? ரெண்டும் விழத்தானே செய்யுது?

இரண்டும் மின்பெட்டியில் தானாக விழும் சுவிட்சுகள்தான், வேலை வேறு. எம்சிபி வயரைக் காப்பாற்றும்: அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். 10 ஆம்பியர் எம்சிபி விழ 10 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மனிதனின் உயிரை எடுக்க அதில் நூறில் ஒரு பங்குகூட அதிகம். ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும்: ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எங்கோ கசிந்து வித்தியாசம் வந்தால் விழும்.

பெட்டியில் உள்ள ஆர்சிசிபியில் ‘30 மில்லி ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 என்றிருந்தால் அது தீப்பிடிக்காமல் தடுக்க வைப்பது, ஆளுக்குப் போதாது. அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பழைய ஃப்யூஸ் கட்டை உள்ள வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கட்டையில் சரியான ஃப்யூஸ் கம்பிக்குப் பதில் நாலைந்து இழைச் செப்புக் கம்பி முறுக்கியிருந்தால் அங்கே ஃப்யூஸே இல்லை என்று அர்த்தம். கட்டை உருகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

ஆர்சிசிபி இருக்குல்லா, பின்ன எர்த்து எதுக்கு?

எர்த் இருந்தால், வாஷிங் மெஷினின் தகட்டில் கசிந்த கரண்ட் எர்த் வயர் வழியே மண்ணுக்கு ஓடும். அந்த நிமிடமே ஆர்சிசிபி விழும். யாரும் மெஷினைத் தொட்டிருக்கவே வேண்டாம். எர்த் இல்லாவிட்டால் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் தகட்டில் காத்திருக்கும். ஒருவர் தொட்ட பிறகு அவர் உடம்பு வழியே ஓடித்தான் ஆர்சிசிபிக்குத் தகவல் போகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 0.3 நொடிக்குள் விழுந்துவிடும் என்றாலும், ஈரக் கையோடு இருக்கும் குழந்தைக்கோ இதய நோயாளிக்கோ அந்த ஓர் அடியே வேண்டாம்.

எர்த் சரியா என்று பார்க்கச் சாதாரண மல்ட்டிமீட்டர் போதாது. எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் மீட்டர் 230 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டருக்குத் தேவை இம்மியளவு கரண்ட்தான். எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம் ஓம் அளவு எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. பாறையும் வெட்டுக்கல்லும் உள்ள விளைகளில் (தோட்ட நிலங்களில்) ஒரு குழியில் அது கிடைக்காது. சில மீட்டர் தள்ளி இரண்டாவது குழி போட்டு இரண்டையும் இணைக்க வேண்டியிருக்கும். அளவை ஏப்ரல், மே வெயிலில் எடுங்கள். மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றிவைப்பது பழைய பழக்கம். குழாய் இன்று பிவிசி என்பதால் அதில் பயனில்லை. இரும்புக் குழாய் என்றால் ஆபத்து கூடுதல், கசிவு எல்லா டேப்புக்கும் போகும்.

மழ பெஞ்சா மட்டும் ஆர்சிசிபி விழுது. எலக்ட்ரீசியன் அத எடுத்துட்டு நேரா குடுத்துட்டாரு. இப்போ ஒரு பிரச்சனையும் இல்ல. சரிதானே?

இல்லை. கசிவு அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்றுதான் சொல்வோம்.

கண்டுபிடிக்கும் முறை இது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அந்த வழியில் உள்ள பிளக்குகளையெல்லாம் உருவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால் கோளாறு ஏதோ ஒரு கருவியில், நிற்காவிட்டால் வயரிங்கில். மழைக்கு மட்டும் விழுவதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கேட் லைட், மொட்டை மாடி லைட், வெளிச்சுவர் பிளக், கிணற்று மோட்டார், பிறகு கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே உள்ள சுவிட்ச் பெட்டி.

எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லையென்றால், பெரும்பாலும் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும் என்பதால் வருவது இது. இன்வர்ட்டர் வைத்த நாளிலிருந்து விழத் தொடங்கினால், இன்வர்ட்டர் வழியின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தால் சரியாகிவிடும்.

கரண்ட் போனதுக்கு அப்புறம் ஃபேன் மாத்துனா பயமில்லல்லா?

இன்வர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போன பின்னும் அந்த வழி வயர்களில் 230 வோல்ட் இருக்கும். மெயினை இறக்கி, இன்வர்ட்டரையும் அணைத்து, மேலே டெஸ்டருக்குச் சொன்ன மூன்று சோதனையையும் செய்த பிறகே கை வையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதை மூடிய அலமாரியிலோ கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

இடி வெட்டும்போ டிவி பிளக்க உருவுனா போதுமா?

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வரும் இடிதான் இங்கே கொடுமை. பிளக்கோடு கேபிள் வயரையும் இன்டர்நெட் வயரையும் உருவுங்கள், அவற்றின் வழியாகவும் வரும். முதல் இடிச் சத்தத்துக்கு முன்பே, வானம் கறுக்கும்போதே உருவ வேண்டும். இடி நடக்கும்போது குளிப்பது, பாத்திரம் கழுவுவது, வயர் உள்ள சுவரில் சாய்ந்து உட்காருவது எதுவும் வேண்டாம். மெயின் பெட்டியில் சர்ஜ் தடுப்பான் வைக்கலாம். எர்த் சரியில்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம்.

துணி காயப்போடும் கம்பியையும் பாருங்கள். மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்து நைலான் கயிறு கட்டுங்கள்.

அடுக்களைல கேஸ் டியூப் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு மாத்தணும்?

ஆரஞ்சு நிற டியூபுக்குள் கம்பி வலை இருப்பதால் வெடிப்பு வெளியே தெரியாது. ஆயுள் 5 ஆண்டு, தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவர்த் துளைக்குள் நுழைத்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரிலும் இரு முனையிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சிலிண்டரின் மேல்வளையத்தின் உட்பக்கம் ‘சி 28’ மாதிரி ஒரு குறி இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். அடுத்த சோதனைக்கு உரிய காலம் அது. கடந்துபோன சிலிண்டரை வாங்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரியில் சிலிண்டர் இருந்தால் தரைமட்டத்தில் துளை வேண்டும்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழையுங்கள்.

ஓட்டு வீடு. ஒழுகல்ல. கூரையில பாக்க என்ன இருக்கு?

ஒழுகும் வரை காத்திருந்தால் கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) ஏற்கெனவே உளுத்திருக்கும். உச்சி வெயில் நேரத்தில் மச்சில் ஏறி விளக்கை அணைத்து மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசியாக வரும் இடமெல்லாம் விரிசல் ஓடு அல்லது நகர்ந்த ஓடு. பிறகு டார்ச் அடித்துக் கழுக்கோலிலும் ரீப்பரிலும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கறுத்த நீர்க்கறை தேடுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். நல்ல ஆஞ்சிலியிலும் தேக்கிலும் முனை உள்ளே போகாது. சுலபமாக அரை அங்குலம் இறங்கினால் அந்தக் கழுக்கோலை ஆசாரியிடம் காட்டுங்கள். முக்கியமாகக் குத்த வேண்டியது சுவர் மேல் உத்தரம் உட்காரும் இடம். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் நிற்பதும் முதலில் உளுப்பதும் அங்கேதான்.

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் இந்த மாவட்டத்தை அடித்தது நினைவிருக்கும். பலத்த காற்று ஓட்டை மேலிருந்து அழுத்துவதைவிட விளிம்பிலிருந்து தூக்கும். அதனால் இறவாரத்துக் கடைசி இரண்டு வரிசையையும் பக்க விளிம்புகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். மோட்டு ஓட்டின் சாந்து விண்டிருந்தால் புதுச் சாந்து வையுங்கள். இரண்டு கூரை சேரும் பள்ளத்துத் தகட்டில் ரப்பர் இலை அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும், மே மாதம் அதை வாரியே ஆக வேண்டும். வீட்டின் மேல் சாயும் தென்னையில் காய்ந்த மட்டையும் நெற்றும் மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

கான்கிரீட் சீலிங்ல சிமென்ட் பேந்து கம்பி தெரியுது. பூசி விட்டா போதாதா?

போதாது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடிய சிமென்டை உள்ளிருந்தே தள்ளிவிடுகிறது. துரு இருக்க மேலே பூசினால் ஒன்றிரண்டு மழையில் அதுவும் விழும், கட்டிலில் படுத்திருப்பவர் மேல். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றாலும், கடல் மணல் கலந்து கட்டிய பழைய தளங்களாலும் இது கூடுதல்.

சுத்தியலால் மெல்லத் தட்டிப் போங்கள். ‘டொக்’ என்று பொள்ளல் சத்தம் வரும் பரப்பையெல்லாம் பென்சிலால் வளைத்துக் குறியுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அது எப்போதும் பெரிது. வேலை செய்யும்போது முதலில் தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். பொள்ளலான சிமென்டை முழுதும் கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை எடுத்து, கம்பி பளபளக்கும் வரை தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்து பூச வேண்டும். கம்பி துருவால் தின்று மெலிந்துபோயிருந்தால் கொத்தனார் போதாது, கட்டடப் பொறியாளர் பார்க்கட்டும். மேலே மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் சரிசெய்யாமல் கீழே எதைச் செய்தாலும் வீண்.

செவுருல கீறல் இல்லாத வீடு உண்டா? எதுக்கு பயப்படணும்?

மயிரிழைக் கீறல் பூச்சு காய்ந்ததால் வருவது. ஏடிஎம் அட்டை முக்கால் மில்லிமீட்டர் தடிமன். அது நுழையாத கீறலைக் குறித்துவைத்துக் கவனித்தால் போதும். கீறலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மழை கழிந்தும் கோட்டைத் தாண்டவில்லையென்றால் அடைத்து வெள்ளையடிக்கலாம்.

பயப்பட வேண்டியவை: சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் மேலே அகலமாகும் கீறல், செங்கல் வரிசையைப் படிக்கட்டு மாதிரிப் பின்தொடரும் கீறல், சுவரின் இரு பக்கமும் தெரியும் கீறல், திடீரென்று கதவு பிடிக்கத் தொடங்கிய அறையின் கீறல். இவை அஸ்திவாரம் இறங்குவதைச் சொல்கின்றன. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மழை வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால கய்யாலை லேசா வயிறு தள்ளிட்டு நிக்குது. விழுமா?

சரிவில் மண் வெட்டிக் கட்டிய வீடுகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. மண்ணைவிட மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. சுவரில் தண்ணீர் வெளியேற ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது குழாய்த் துளை இருக்க வேண்டும். இருந்தால் வேர் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். மேல் விளையின் தண்ணீர் நேராக வந்து விழாமல் ஓடை வெட்டித் திருப்புங்கள். வயிறு தள்ளிய சுவரை ஒட்டிய அறையில் அடைமழை இரவுகளில் யாரும் படுக்க வேண்டாம். மழைக்கு முன் பிரித்துக் கட்டுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

கெணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் எவ்வளவு தூரம் வேணும்? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

கேரளக் கட்டட விதிகளில் குறைந்தது 7.5 மீட்டர். இடம் இருந்தால் 15 மீட்டர் விடுங்கள், குழி கிணற்றைவிட மேட்டில் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தண்ணீரின் அளவுக்கு: கிணற்றின் விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 = லிட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 24 கிராம் பவுடர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பு. பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். சக்கையைக் கிணற்றில் போடாதீர்கள்.

கெணறு இறைக்க ஆள் இறங்கும்போ மெழுகுதிரி இறக்கிப் பாத்தா போதும்லா?

திரி அணைந்தால் நிச்சயம் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. அழுகலிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு திரியை அணைக்காமலே ஆளைச் சாய்க்கும். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதால்தான் இரண்டு மூன்று உயிர் போகிறது. 101 அல்லது 112 அழையுங்கள், தீயணைப்புத் துறையிடம் மூச்சுக் கருவி இருக்கிறது. கக்கூஸ் குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

ரப்பர் ஷீட்ட மச்சுல அடுக்கி வச்சிருக்கோம். விலை ஏறட்டும்னு. தப்பா?

ரப்பர் பற்றினால் கறும்புகையோடு எரியும், வாளித் தண்ணீருக்கு அடங்காது. மர மச்சு, அதன் மேல் ஷீட், பக்கத்தில் பழைய வயர் என்று மூன்றும் சேரும் வீடுகள் இங்கே நிறைய. வீட்டை ஒட்டாத தனி அறைக்கு மாற்றுங்கள். ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையும் அப்படியே. அதில் அடுப்புக்கு மேல் இரும்பு வலை வேண்டும், நழுவும் ஷீட் நேராகத் தீயில் விழாமல் இருக்க.

ஷீட்டைவிட எங்களுக்குக் கவலை ஆசிட். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிடைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வாங்கிய கேனிலேயே, பூட்டுள்ள இடத்தில், தலைக்கு மேல் இல்லாத தட்டில் வையுங்கள். கலக்கும்போது தண்ணீரில் ஆசிடை ஊற்ற வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஓடவிட்டபடி கழுவி ஆஸ்பத்திரி போங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறும்போதும் அது தொண்டையைச் சுடும்.

கட்டுவிரியன் வீட்டுக்குள்ள வராம இருக்க என்ன செய்யலாம்?

விறகு, ஓட்டுக் குவியல், தொண்டு (தேங்காய் மட்டை) ஆகியவற்றைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். குளியலறை வடிகாலுக்கு வலை போடுங்கள். கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இரவில், தரையில் படுப்பவரை. கட்டிலும் மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் நல்ல காவல். அதன் கடி வலிக்காமல் போகலாம், தடமும் தெரியாது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது கண்டால் 108 அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற விஷமுறிவு மருந்துள்ள இடத்துக்குப் போங்கள். கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம்.

பழைய வீடு வாங்கப் போறோம். புதுசா பெயின்ட் அடிச்சி அழகா இருக்கு. எத நம்ப?

விற்பதற்கு முந்தின மாதம் அடித்த பெயின்ட் கீறலையும் ஈரத்தையும் மறைக்கும். அதனால் பெயின்ட் போகாத இடங்களைப் பாருங்கள்: மச்சு, படிக்கட்டுக்கு அடி, அலமாரியின் பின்சுவர், மீட்டர் பெட்டியின் உள்பக்கம், சன்னல் வெளிப்பலகையின் அடிப்பாகம். கதவு நிலையின் கீழ் அரை அடியை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். சிதல் (கறையான்) தரையிலிருந்து மண்குழாய் கட்டி அங்கேதான் ஏறும். நிலை பொள்ளலாக ஒலித்தால் உள்ளே தின்றுவிட்டது. சிதல் மருந்து அடிக்க வேண்டிய வீடு என்றால் கிணறு எவ்வளவு தூரத்தில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சுவரோரம் துளையிட்டு ஊற்றும் மருந்து கிணற்று நீரில் கலக்கக் கூடாது.

பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை விற்பவர் முன்னாலேயே அழுத்துங்கள். எர்த் குழி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஓம் அளவு, கிணறு–குழி தூரம், கய்யாலைத் துளை, சீலிங்கில் தட்டிய சத்தம் எல்லாம் மேலே சொன்னபடியே. முடிந்தால் அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு மழை பெய்யும் வரை தள்ளிப்போடுங்கள். அந்த மழை விட்டதும், முன்கூட்டிச் சொல்லாமல், டார்ச்சோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.